பட்டவர் பக்கத்தில் உட்காரும்போது

(நம் அறக்கட்டளையின் ‘உடனிருப்போர்’ பயிற்சி முகாம் தொடக்க அமர்வில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அல்ஹம்துலில்லாஹ். இருபது பேர் வந்தால் போதும் என்று பாய் விரித்தோம். வெளியே திண்ணை வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். இடநெருக்கடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நம் அறக்கட்டளை என்றதும் ஊர் மக்களுக்கு நினைவுக்கு வருவது பணம் சார்ந்த உதவிகள்தாம். படிப்புக்குத் தொகை, மருத்துவத்துக்குத் தொகை, கணவரை இழந்தோருக்கு மாத உதவி, ரமலானில் அரிசி, பருப்பு. இவை இனியும் தொடரும். இன்று நாம் தொடங்குவது வேறொரு வகை உதவி. இதற்குப் பைத்துல்மாலிலிருந்து செலவாவது மிகக் குறைவு. ஆனால் கொடுப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்வது அதிகம். அதனால்தான் இரண்டு நாள் பயிற்சி இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறோம். மாத உதவி வழங்கும் நாளில் கையெழுத்து வாங்கி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் லுஹர் பாங்கு சொல்லும்வரை தாழ்வாரத்தில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்தே இருப்பார்கள். அவர்களில் ஒருவர் 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர். இன்னொருவர் 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் கணவரை இழந்த இளம்பெண். முன்பின் அறிமுகம் இல்லாத இருவரும் அங்கே பழகிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து அந்தப் பெண் வந்ததும் நம் அலுவலகப் பணியாளரிடம் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. “அந்த லாத்தா வந்துட்டாங்களா?” என்றுதான் கேட்டார். நாம் திட்டமிடாத ஓர் உதவி நம் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் நம் கவனத்துக்கு வந்தது. அதை முறைப்படுத்தி, இருவருக்குமே பாதுகாப்பாக நடத்துவதுதான் இந்தத் திட்டம்.

‘உடனிருப்போர்’ என்று ஏன் பெயர் வைத்தோம்? அரசு மருத்துவமனையில் நோயாளியோடு தங்குபவரை ‘உடனிருப்பவர்’ என்பார்கள். அவர் ஊசி போடுவதில்லை, மருந்தும் எழுதுவதில்லை. ஆனால் அவர் இல்லாமல் ஒரு நோயாளி அந்த வார்டில் இரவைக் கழிப்பது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். நம் வேலையின் அளவும் அதுதான்.

சகோதர சகோதரிகளே, இது புதுமையான ஏற்பாடு அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவைக் கவனித்தவர் ழான் பாப்திஸ்த் புஸ்ஸேன். அவரே அங்கே வேறொரு நோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமானவர். குணமடைந்த நோயாளிகளையே அவர் பணியாளராகச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் மற்ற பணியாளர்களைவிடக் கனிவாக நடந்துகொண்டார்கள்; கை ஓங்கவில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தரகர், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தார். தன்னைப்போல் குடியில் சிக்கிய ஒருவரோடு பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று தேடிப்போய், பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது. உதவப் போனவரும் அதனால் பிழைத்தார் என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் இருக்கிறது. 1968இல் ஒரே மருத்துவமனையில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். இரு வீட்டுப் பெற்றோரும் ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள். அங்கே பணியாற்றிய சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். தாம் சொல்லும் ஆறுதலைவிட அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது அவர்களுக்கு அதிகம் உதவியது. அடுத்த ஆண்டே, பிள்ளையை இழந்த பெற்றோர்களுக்கான ‘கம்பேஷனட் ஃப்ரெண்ட்ஸ்’ அமைப்பு தொடங்கியது. இன்று பல நாடுகளில் அது இயங்குகிறது.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்காரவைத்தார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அங்கு மக்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. ‘அதிகம் யோசிப்பது’ என்ற பொருளில் அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு. நம் ஊரிலும் “யோசனை ஜாஸ்தியா இருக்கு, தூக்கம் வரமாட்டேங்குது” என்றுதானே சொல்கிறோம்? 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பாட்டிமார்களோடு பேசியவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு குறைந்திருந்தது.

வெளியூர்க் கதைகள் போதும். நம் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. தமிழகத்தில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நம் நாகை மாவட்டத்தவர். நாகூரில் தர்கா இடத்திலேயே சாதி சமயம் பாராமல் உடல்கள் அடக்கப்பட்டன. முதல் வாரங்களில் உணவும் துணியும் குவிந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் வந்து, உள்ளூர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மக்களோடு எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். பிறகு வீடுகள் கட்டப்பட்டன. ஆனால் சாவி வாங்கிக் குடிபோன பிறகும் அலைச் சத்தம் கூடினால் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்த தாய்மார்களை நாம் அறிவோம். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர்களில் சிலர் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் அறிவு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காதது. அதை யாரும் இதுவரை கேட்டு வாங்கவில்லை.

இன்று நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு மவ்த் ஏற்பட்டால் ஊரே திரண்டு வருகிறது. ஜனாஸா தூக்க ஆள் உண்டு, மூன்று நாள் சோறு ஆக்கிக் கொடுக்கப் பக்கத்து வீடு உண்டு. சில வீடுகளில் நாற்பதாம் நாள் வரை ஆள் நடமாட்டம் இருக்கும். பிறகு? கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறார். வெளியே போவதில்லை, உள்ளே வருகிறவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். உண்மையான பாரம் அப்போதுதான் இறங்குகிறது. மளிகைக் கடன், பள்ளிக் கட்டணம், மாமியார் வீட்டுப் பேச்சு, இரவில் வராத தூக்கம். நம் உடனிருப்போர் போய்ச் சேர வேண்டிய காலம் கூட்டம் கலைந்த பிறகுதான்.

அப்படிப் போகிறவர்கள் என்ன பேச வேண்டும்? முதலில், என்ன பேசக் கூடாது என்று பார்ப்போம். “அழாதீங்க, அல்லாஹ்வின் நாட்டம்” என்பது உண்மையான வார்த்தைதான். ஆனால் பல வேளைகளில் அழுகிறவரின் வாயை அடைக்கவே அதைப் பயன்படுத்துகிறோம். ஸப்ர் என்றால் கண்ணீர் விடாமல் இருப்பது அல்ல. தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சொல்லப்பட்டு, அவர்கள் ஓயாமல் அழுதுகொண்டிருந்த நாளில், ஓர் அன்ஸாரிப் பெண் அனுமதி கேட்டு உள்ளே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். அவர் ஆறுதல் மொழி ஏதும் சொன்னதாக அறிவிப்பில் இல்லை. ஆனால் அன்னையவர்கள் பிற்காலத்தில் அந்த நாளைச் சொல்லும்போது அந்தப் பெண்ணை மறக்காமல் சொன்னார்கள். நாம் கற்க வேண்டிய முதல் பாடம் அனுமதி கேட்பதும் உட்காருவதும்தான்.

இரண்டாவது பாடம் சற்றுக் கடினமானது. நம் சொந்த அனுபவத்தை எந்த அளவுக்குச் சொல்வது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உண்மை. ஆனால் நமக்கு வந்த தலைவலிதான் அவருக்கும் வந்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு. புதிதாகக் கணவரை இழந்தவர், “ராத்திரியில கதவு தட்டுற மாதிரியே கேக்குது லாத்தா” என்கிறார். “எனக்கும் அப்படித்தான், ஒரு வருஷம் கேட்டுச்சு, அப்ப நான் என்ன செஞ்சேன்னா…” என்று நாம் தொடங்கினால், ஐந்தே நிமிடத்தில் அவர் நமக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். மாறாக, “எனக்கும் கேட்டிருக்குமா. உங்களுக்கு எப்ப கேக்குது? அப்ப என்ன செய்வீங்க?” என்று நிறுத்திவிட்டால், தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது, பேச்சும் அவரிடமே இருக்கிறது. நம் கதை கதவைத் திறக்கும் அளவுக்குப் போதும். அவர் கேட்டால் கொஞ்சம் கூடச் சொல்லலாம். கேட்காவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதேபோல, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் கிளறக் கூடாது. பேரிடரில் சிக்கியவர்களை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. 2011இல் அந்த நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே செயல்களைச் சொல்கிறது: பார்ப்பது, கேட்பது, இணைத்துவிடுவது. இந்த மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். ரேஷன் அட்டையில் பெயர் மாற்றவும், வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், விதவை உதவித்தொகைக்கு எழுதவும் எங்கே போக வேண்டும் என்று, ஏற்கெனவே அலைந்து திரிந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே போவதும் உடனிருப்பதுதான்.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்திருக்கும் பெயர்ப்பட்டியலில் ஆண்கள் மிகக் குறைவு. ஆண்களுக்குத் துயரம் இல்லை என்பதல்ல. வளைகுடாவில் உடன் வேலை பார்த்தவர் கண்முன்னே சாரத்திலிருந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரிடம் “என்ன நானா, எப்ப திரும்பப் போறீங்க?” என்று மட்டுமே கேட்கிறோம். அவர்களை அறைக்குள் உட்காரவைத்துப் பேசச் சொன்னால் பேசமாட்டார்கள். இஷாவுக்குப் பிறகு கடைத்தெருப் பக்கம் சேர்ந்து நடந்தால், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு, தாமாகப் பேசுவார்கள். ஆண்கள் பிரிவுக்குப் பெயர் தரும் சகோதரர்கள் இதை மனதில் கொள்ளவேண்டும்.

யார் உடனிருப்பவராகலாம்? பெரிய துயரம் பட்டவர்தான் தகுதியானவர் என்று எண்ணவேண்டாம். துயரத்தை நிறுத்துப் பார்க்கும் தராசு நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் படைவீரர்களை இழந்த குடும்பங்களுக்கு உதவும் ‘டாப்ஸ்’ என்ற அமைப்பு, தன் இழப்புக்குப் பின் குறைந்தது 18 மாதம் கடந்தவரையே வழிகாட்டியாக ஏற்கிறது. நாம் இரண்டு ஆண்டு என்று வைத்திருக்கிறோம். காலம் மட்டும் போதாது. தம் அனுபவத்தைச் சொல்லும்போது அதிலேயே மூழ்கிவிடாமல் திரும்பி வர முடிகிறதா, தாம் சாய்ந்துகொள்ள ஓர் ஆள் இருக்கிறாரா என்றும் பார்ப்போம். இப்போது முடியாது என்று சொல்பவரை நாம் குறைவாக நினைக்கமாட்டோம். டிசம்பர் மாதத்தில் மட்டும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் குறித்துக்கொள்வோம்.

விதிகள் சில உண்டு. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் பொறுப்பில்லை. கடன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. மறுமணப் பேச்சை நாம் எடுக்கக் கூடாது. புகைப்படமோ குரல் பதிவோ கூடாது. வாட்ஸ்அப் குழுவில் “துஆ செய்யுங்கள்” என்று பெயர் போடுவதும் கூடாது. கேட்டது அமானிதம். சொந்தக் கணவரிடமும் மனைவியிடமும் சொல்வதற்கில்லை. சின்ன ஊர் இது. ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தப் பெண் நம் படியை மிதிக்கமாட்டார், அடுத்தவரும் வரமாட்டார். இந்த அமானிதத்துக்கு இரண்டே விலக்குகள்: ஒருவரின் உயிருக்கு ஆபத்து, அல்லது ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற நிலை. அப்போது அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். இந்த விலக்கை முதல் சந்திப்பிலேயே அவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

உயிர் பற்றிய பேச்சு வந்ததால் வெளிப்படையாகவே சொல்கிறோம். துயரம் பட்டவர்களில் பெரும்பாலோர் நாளடைவில், சுற்றத்தாரின் துணையோடு, எழுந்து நடக்கிறார்கள். சிலருக்கு அது முடிவதில்லை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமை, பிள்ளைகளைக்கூடக் கவனிக்க முடியாமை, போதைப் பழக்கம், “நான் இல்லாமப் போனாத்தான் நல்லது” என்ற பேச்சு இவையெல்லாம் நம் கையை மீறியவை என்பதற்கு அடையாளம். அப்படிப் பேசினால் “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்ற நிம்மதிதான் வரும். அந்த நேரத்தில் ஹராம் என்ற தீர்ப்பிலிருந்து தொடங்காதீர்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தார். தனியே விடாமல் கூட இருந்து, 14416 என்ற டெலிமனாஸ் எண்ணை அழையுங்கள். 2022 முதல் இயங்கும் இந்த அரசுச் சேவை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக நம் வாகனம் தயாராக இருக்கும். போலீஸ் வழக்காகிவிடும் என்று குடும்பத்தார் பயந்து மறைப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்களைப் பற்றி. பிறர் கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் உங்கள் பழைய இரவுகள் திரும்பி வரலாம். அது உங்கள் ஈமானின் பலவீனமும் அல்ல, தகுதிக் குறைவும் அல்ல. ஆறிய காயமும் மழைக்காலத்தில் வலிக்கும். ஆகவே மாதம் ஒருமுறை ஓர் உளவியல் ஆலோசகரோடு அனைவரும் உட்கார ஏற்பாடு செய்திருக்கிறோம். அதற்கு வராதவரை அடுத்த மாதம் யார் வீட்டுக்கும் அனுப்பமாட்டோம். பேருந்துக் கட்டணத்தை அறக்கட்டளை தரும். போதும் என்று தோன்றும் நாளில் விலகிக்கொள்ளலாம், விளக்கம் கேட்கமாட்டோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயை இழந்தவர்கள். ‘ளுஹா’ அத்தியாயத்தில் அல்லாஹ் அவர்களின் அநாதை நிலையை முதலில் நினைவூட்டிவிட்டு, அதன் பிறகே அநாதைகளிடம் கடுமை காட்டலாகாது என்று கட்டளையிடுகிறான். பட்டதை மறந்துவிடச் சொல்லவில்லை. பட்டதன் நினைவே அடுத்தவரிடம் நடந்துகொள்ளும் முறையாக மாற வேண்டும் என்பதாக நாம் விளங்கிக்கொள்கிறோம்.

இந்த இரண்டு நாளும் நிறையக் கேளுங்கள், தயங்காமல் சந்தேகம் எழுப்புங்கள். முகாம் முடிந்ததும் விருப்பப் படிவத்தை நிரப்பி மகளிர் பிரிவிலோ அலுவலகத்திலோ கொடுங்கள். இப்போது நம் பட்டியலில் இத்தாவில் இருக்கும் சகோதரிகள் மூன்று பேர். அவர்களிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டோம். இருவர் “வரச் சொல்லுங்க” என்றிருக்கிறார்கள், ஒருவர் இப்போது வேண்டாம் என்றிருக்கிறார். அந்த இரு வீடுகளுக்கும், இன்ஷா அல்லாஹ், வரும் வாரமே உங்களில் இருவர் போக வேண்டும். மூன்றாமவரிடம் அடுத்த மாதம் மறுபடி ஒருமுறை கேட்போம்.

வல்ல அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.